தலையாரித் தீவில் இறக்கிவிடப்பட்டவன்

"அப்பா, தோணியத் திருப்பச் சொல்லுங்க! தம்பி அங்கன நிக்கான்!"

கெசியா தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அலறினாள். உச்சி வெயிலில் நல்லதண்ணித் தீவின் மணல் கண்ணைக் கூசவைத்தது. கரையோரம், முழங்கால் தண்ணீரில், கோடுபோட்ட சட்டையோடு சிகாமணி நின்றான். கூப்பிடவில்லை. கை அசைக்கவில்லை. போகிற தோணியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனை விடிகாலையில் அவர்கள் இறக்கிவிட்டது இந்தத் தீவில் இல்லை.

மன்னாரில் முத்துக்குளிப்பு நடந்த இடத்தில் அப்பா வேதமுத்து ரைட்டர் வேலை பார்த்தார். அம்மா பிரசவத்துக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டாள். மன்னாரில் பேதி பரவியதும் அப்பா இரண்டு பிள்ளைகளோடு புன்னக்காயலுக்குப் போகும் பாய்த்தோணியில் ஏறிவிட்டார். நடுக்கடலில் சிகாமணிக்கு வயிறு போனது. தோணியில் பேதி கண்டால் ஆளைத் தீவில் இறக்கி, கஞ்சியும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவது கடலோடிகளின் வழக்கம். கரை சேர்ந்தபின் மருந்தோடு ஆள் அனுப்புவார்கள். அதுவரை உயிர் கிடந்தால் உண்டு.

தலையாரித் தீவில் அவனைப் படுக்க வைத்தபோது, "நானும் எறங்குதேன்" என்று எழுந்தார் அப்பா.

"தாராளமா எறங்கும், ரைட்டரே. இந்தப் பொட்டப்பிள்ளைய எங்க நடுவுல தனியா விட்டுட்டா போவேரு?" என்றார் தோணியை நடத்தும் தண்டல் பிச்சைக்கண்ணு.

அப்பா உட்கார்ந்துவிட்டார். காலடிப் பலகையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

இப்போதும் அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுக்கான் பிடித்த அப்பாத்துரைதான் சிரிக்கப் பார்த்தான்.

"வெயிலு தலைக்கேறுனா இப்படித்தான் தாயி. எனக்குங்கூட என் மாமியா கடல்ல நடந்து வாரது தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. அப்பாத்துரையும் தீவின் பக்கம் திரும்பவில்லை.

கெசியா தண்டலின் காலைப் பிடித்தாள். "அண்ணாச்சி, கும்புடுதேன். அவன்தான். ஏத்திக்கிடுங்க."

பிச்சைக்கண்ணு குனிந்து, அவள் காதோடு பைய சொன்னார்.

"எனக்கும் தெரியுதும்மா. உசுரோட இருக்கவன் தலையாரில படுத்துக் கெடப்பான். இங்கன நிக்கது யாருன்னு நீயே நெனைச்சுக்கோ."

அவள் பிடி தளர்ந்தது. அது தம்பியாக இருக்கக்கூடாது என்று அவளே ஜெபிக்க ஆரம்பித்தாள்.

பொழுது சாயும்போது வான் தீவு வந்தது. கண்ணை இறுக மூடித் திறந்தாள்.

வெறும் மணல்.

யாருமில்லை.

"பாத்தியா தாயி, என் மாமியாளும் போயிட்டா" என்றான் அப்பாத்துரை. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். தம்பி உயிரோடு இருக்கிறான். கரை இறங்கியதும் ஆள் அனுப்பினால் போதும்.

கொஞ்ச நேரத்தில் அப்பாத்துரையின் குரல் மாறியது.

"அண்ணாச்சி... தோணி ஏன் பின்னால இப்படி அமுங்குது?"

பிச்சைக்கண்ணு பின்னால் பார்க்காமலே பாய்க்கயிற்றை இறுக்கினார்.

மறுநாள் காலையில் ஆற்றுத் தண்ணீர் கடலில் கலங்கலாய்க் கலக்கும் இடம் தெரிந்தது. புன்னக்காயல் கரையில் கைக்குழந்தையோடு அம்மா நின்றாள். சொல்லவேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே கெசியா தண்ணீரில் இறங்கி ஓடினாள். வாய் திறப்பதற்குள் அம்மா முகமெல்லாம் சிரிப்பாய்க் கேட்டாள்.

"தம்பிய ஏன்ட்டி பின்னால தனியா உக்கார வச்சிருக்கே? வா ராசா, எறங்கி வா."

கெசியா திரும்பவில்லை. அவள் இடுப்பை உரசிக்கொண்டு ஏதோ குளிர்ச்சியாய்க் கடந்து போனது. குழந்தையின் கண் அதன் பின்னாலேயே போனது.

அம்மா ஒரு கையால் வெறும் காற்றை அணைத்தாள். அவள் சேலையில், ஒரு பையன் முகம் புதைக்கும் உயரத்தில், ஈரம் பரவியது.

அவள் சிரிப்பு மெல்ல நின்றது.

"ஏட்டி கெசியா, தம்பிக்கு உடம்பு ஏன் இப்படிச் சில்லுன்னு கெடக்கு?"