சரஸ்வதிக்கு ஆறு நம்பர் பிளேட்

பெங்களூர் ஜோகுபாளையத்தில் தனக்கோடியின் ஒர்க்‌ஷாப்பில் மூன்று கார்கள் நின்றன. மூன்றும் பேபி ஆஸ்டின். மூன்றும் கறுப்பு. மூன்றும் சரளா பிறப்பதற்கு வெகு காலம் முன்பே பிறந்தவை. சரளாவுக்கு இப்போது பதினோரு வயது.

எது யாருடைய வண்டி என்று தனக்கோடி கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். உண்மையில் கண்ணை மூடிக்கொண்டால்தான் சொல்வார். இன்ஜின் சத்தம்தான் அவருக்கு அடையாளம். ரிடையரான ஹெட்மாஸ்டர் சேஷகிரியின் வண்டி இருமும். வக்கீல் வெங்கடசுப்ரமணியனின் வண்டி அல்சூரைத் தாண்டுவதற்குள் கொதிக்கும். கோலார் தங்க வயலிலிருந்து வரும் ஆரோக்கியசாமியின் வண்டி ஸ்டார்ட் செய்ததும் குளிர்க்காய்ச்சல் வந்ததுபோல நடுங்கும். அதனால் தனக்கோடி அவற்றை இருமல், கோபம், நடுக்கம் என்றே கூப்பிடுவார்.

நம்பர் மட்டும் தெரியாது. டாக்டர் என்ன, நோயாளியின் வீட்டு நம்பரையா ஞாபகம் வைத்துக்கொள்கிறார்?

அன்றைக்கு ஆயுத பூஜை. கார்க்காரர்கள் மூவரும் வண்டிகளைப் பூஜைக்கு விட்டுவிட்டு, தசரா பார்க்க மைசூருக்கு ரயிலேறிவிட்டார்கள். தனக்கோடி பூசணிக்காய் வாங்கக் கடைக்குப் போனார். போகும்போது மகளிடம், "சரளா, வண்டிங்களுக்கு நல்லா சந்தனம், குங்குமம் வெச்சுடு. புது ஒர்க்‌ஷாப், முதல் பூஜை. ஒரு குறையும் இருக்கக் கூடாது" என்றார்.

தனக்கோடி பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கடை வைத்து ஆறு மாதம்தான் ஆகிறது. இந்த மூன்று பேர்தான் தவறாமல் வருகிறவர்கள். நாலாவது ஆள் எப்போதாவது வருவார், வழி கேட்டுவிட்டுப் போவார்.

சரளா சந்தனக் கிண்ணத்தோடு வண்டிகளைச் சுற்றி வந்தாள். சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் வரிசையாக இருந்தன. பக்கத்தில் அவளுடைய ஆறாம் வகுப்புப் புத்தகங்களும் தம்பி முனிராஜின் சிலேட்டும் இருந்தன. எழுத்து இருக்கிற எதையும் சரஸ்வதி முன்னால் வைக்க வேண்டும். அது சரளாவுக்கு நன்றாகத் தெரியும்.

'அப்படியென்றால் காரில் எழுத்து எங்கே இருக்கிறது?' என்று அவள் யோசித்தாள்.

நம்பர் பிளேட்டில்!

மழைக்காலம் ஆனதால் பிளேட்டுகளில் சேறு அப்பி ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. பாவம், இவ்வளவு அழுக்கோடு எப்படிச் சாமியிடம் போகும்? சரளா ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மொத்தம் ஆறு பிளேட்டுகளையும் கழற்றிவிட்டாள். ஐந்தை அவளே புளி போட்டு முன்பக்கம் பளபளவென்று தேய்த்தாள். ஒன்றை, "எனக்கும் குடு, எனக்கும் குடு" என்று ஏழு வயது முனிராஜ் பிடுங்கிக்கொண்டான். ஆறையும் சுவரோரமாகச் சாய்த்து நிற்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்தாள். ஸ்க்ரூடிரைவரையும் மறக்காமல் பூஜையில் வைத்துவிட்டாள்.

தனக்கோடி திரும்பி வந்து கற்பூரம் ஏற்றினார். வாய் சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது. கை தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. கண் ஆறு பிளேட்டுகள் மேல் விழுந்ததும், வாய் நின்றுவிட்டது. கை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏங்க, போதும், கற்பூரம் அணைஞ்சு போச்சு" என்றாள் அம்மா சந்திரம்மா.

"சரளா, எந்த பிளேட்டு எந்த வண்டிதுன்னு எழுதி வெச்சிருக்கியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார் தனக்கோடி.

"இல்ல நைனா. நீதான் கண்ண மூடிக்கிட்டே எல்லா வண்டியும் தெரியும்னு சொல்வியே."

தனக்கோடி கண்ணை மூடினார். ஒன்றும் தெரியவில்லை.

உடனே எடுத்துப் பார்க்கலாம் என்றால் முடியாது. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலை வரை தொடக்கூடாது. ஸ்க்ரூடிரைவரையும்தான். "சாமி தூங்கற நேரத்துல எதையாச்சும் தொட்டீங்க, அப்புறம் சுண்டல் கிடையாது" என்று சந்திரம்மா சொல்லிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் தனக்கோடி பிளேட்டுகளை எடுத்துத் தரையில் பரப்பினார். "ஒரு நம்பருக்கு ரெண்டு பிளேட்டு. மூணு நம்பர். மூணு வண்டி. ஹெட்மாஸ்டர் பத்து மணிக்கு வந்துடுவார். அவருக்குக் கூட்டம் ஆகாது, ஊர்வலத்துக்கு முன்னாடியே கிளம்பிடுவேன்னாரு. அதுக்குள்ள மாட்டிடலாம். படி சரளா."

"எம்.ஒய்.பி. 417. எம்.ஒய்.பி. 417. எம்.ஒய்.பி. 2086. எம்.ஒய்.பி. 2086. எம்.ஒய்.பி. 3350..."

"அப்புறம் இன்னொரு 3350."

"இல்ல நைனா. எம்.எஸ்.சி. 961."

தனக்கோடி வெளியே போய் வண்டிகளை எண்ணினார். மூன்று. சந்திரம்மா போய் எண்ணினாள். அவளுக்கும் மூன்று. பிறகு இருவரும் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். அங்கே ஓர் ஆடு மட்டும் நின்றது. அதற்கு நம்பர் இல்லை.

"நாலு நம்பர், மூணு வண்டி" என்றார் தனக்கோடி. "ஏதோ ஒரு வண்டி முன்னால ஒரு நம்பர், பின்னால ஒரு நம்பரோட ஓடிக்கிட்டு இருந்திருக்கு. அப்போ அது திருட்டு வண்டியா?"

"வக்கீலா திருடுவாரு?" என்றாள் சந்திரம்மா.

"ஹெட்மாஸ்டரா திருடுவாரு?"

"ஆரோக்கியசாமி அண்ணன் ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவரு."

மூன்று பேருமே நல்லவர்கள். அதனால் குழப்பம் இன்னும் அதிகமாயிற்று.

"நைனா, அந்த பிளேட்டு..." என்று ஆரம்பித்தான் முனிராஜ்.

"நீ சும்மா இருடா. பெரியவங்க யோசிக்கிறாங்க இல்ல?"

தனக்கோடி பிளேட்டுகளை ஒவ்வொரு வண்டியிலும் வைத்துப் பார்த்தார். திருகுத் துளைகள் எல்லாம் எல்லாவற்றுக்கும் சரியாகப் பொருந்தின. செய்த கம்பெனிக்காரர்கள் அவ்வளவு ஒழுங்கானவர்கள்.

மணி ஒன்பது. தனக்கோடி ஒரு கவிழ்த்த டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பா மாட்டினா போலீஸ்காரன் வழியிலயே நிறுத்திடுவான். 'யாருய்யா மெக்கானிக்?'னு கேட்பான். மாட்டாம குடுத்தா, 'என்னைக் கேக்காம ஏன் கழட்டினே?'ன்னு ஹெட்மாஸ்டர் கேட்பாரு. ஒருத்தர் போனா மூணு பேரும் போயிடுவாங்க. அப்புறம் நான் பழைய கம்பெனி வாசல்லதான் போய் நிக்கணும்."

அவர் சரளாவைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய்ப் பூஜை இடத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"அழுதது போதும், புத்தகத்தை எடு" என்றாள் சந்திரம்மா. "விஜயதசமிக்கு ஒரு பக்கமாச்சும் படிக்கணும்."

சரளா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பூகோளப் புத்தகத்தை எடுத்தாள். அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அட்டையவே எவ்வளவு நேரம் பாப்பே? திருப்பிப் படி."

சரளா அட்டையைத் திருப்பப் போனாள். கை பாதியில் நின்றது. புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஓடினாள்.

"நைனா! நாம அட்டைய மட்டும்தான் படிச்சோம்!"

"எந்த அட்டை?"

"பிளேட்டோட அட்டை! பின்பக்கத்தைப் பாக்கவே இல்லை!"

பிளேட்டுகளைத் திருப்பிப் போட்டாள். ஐந்தின் பின்பக்கம் காய்ந்த அழுக்கு. எம்.எஸ்.சி. 961-ன் பின்பக்கமும் சேறுதான். ஆனால் அந்தச் சேற்றுக்கு அடியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. சரளா பாவாடை நுனியால் துடைத்தாள். முதலில் எம் வந்தது. பிறகு ஒய் வந்தது. பிறகு பி. கடைசியில் 3350.

"ஒரே தகரத்துல ரெண்டு நம்பரு!" என்றார் தனக்கோடி.

சரளாவுக்குப் புரிந்துவிட்டது. பழைய மதராஸ் ரோட்டுச் சுவரில் உட்கார்ந்துகொண்டு, போகிற கார்களின் நம்பரைப் பார்த்துக் கத்துவது அவளுக்கும் அவள் தோழிகளுக்கும் தினசரி விளையாட்டு. எம்.ஒய். என்று ஆரம்பித்தால் இந்த ராஜ்யத்து வண்டி, "மைசூர்!" என்று கத்த வேண்டும். எம்.எஸ். என்றால் "மதராஸ்!" முதலில் கத்துபவருக்கு ஒரு புளியங்காய்.

"நைனா, இது முன்னாடி மதராஸ் வண்டி. இங்க வந்ததும் புது நம்பர் குடுத்திருக்காங்க. புதுத் தகரம் வாங்காம, பழசைத் திருப்பிப் போட்டு எழுதிட்டாங்க. நாலு நம்பர் இல்ல, மூணுதான்!"

"அப்போ நேத்து ஏன் மதராஸ் பக்கம் வெளிய வந்துச்சு?"

எல்லோரும் முனிராஜைப் பார்த்தார்கள்.

"நான்தான் கழுவினேன்" என்றான் முனிராஜ். "ஒரு பக்கம் கொஞ்சம் கலீஜா இருந்துச்சு. இன்னொரு பக்கம் ரொம்ப கலீஜா இருந்துச்சு. ரொம்ப கலீஜா இருந்ததைக் கழுவினேன். அதைத்தான் காலையிலேர்ந்து சொல்ல வர்றேன்."

இதில் தவறு என்ன என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"சரி, இந்த மதராஸ் வண்டி யாரோடது?" என்றார் தனக்கோடி.

"போன வாரம் ஒரு வண்டிக்குக் கீழ படுத்துக்கிட்டு நீயே சொன்னியே நைனா. 'அடித்தகடெல்லாம் கடல் உப்புக் காத்து தின்னுடுச்சு'ன்னு. பெங்களூர்ல ஏது கடலு?"

தனக்கோடி நெற்றியில் அடித்துக்கொண்டார். "கோபம்! வக்கீல் வண்டி!"

கோபத்துக்கு 3350 கிடைத்தது. மீதி இரண்டு நம்பர், இரண்டு வண்டி. சரளா 2086-ன் பின்பக்கத்தைச் சுரண்டினாள். அரிசிமாவு போல வெள்ளையாக மெல்லிய பொடி உதிர்ந்தது. சந்திரம்மா குனிந்து பார்த்தாள். பார்த்த உடனே முகம் கோணியது.

"இது தங்க வயல்ல சுரங்கக் கல்லை அரைச்சுக் கொட்டின மண்ணுமேட்டுப் பொடி. ஆரோக்கியசாமி அண்ணன் வண்டி வந்துட்டுப் போனா ரெண்டு நாள் பெருக்கறேன். இதை எனக்குத் தெரியாதா?"

"417-ல பாரு" என்றார் தனக்கோடி.

அதன் பின்னால் ஒரு சிலந்திக்கூடும் நாலு காய்ந்த இலைகளும் இருந்தன. சேஷகிரி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வண்டியை எடுப்பார். மற்ற ஆறு நாளும் அது அவர் வீட்டு மரத்தடியில் நிற்கும். சிலந்திக்கு வாடகையில்லாத வீடு.

தனக்கோடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கடைசித் திருகை முறுக்கும்போது வாசலில் குடை தட்டும் சத்தம் கேட்டது.

"ஏனப்பா தனக்கோடி, வண்டி ரெடியா?"

சேஷகிரி வண்டியைச் சுற்றி வந்தார். முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். "நம்பர் பிளேட்டை யாரு தொட்டது?"

தனக்கோடி வாயைத் திறப்பதற்குள் சரளா முன்னால் வந்தாள்.

"நான்தான் சார் கழட்டினேன். சரஸ்வதிகிட்ட வெக்க. எது எதோடதுன்னு தெரியாம போச்சு. இப்போ கண்டுபிடிச்சு மாட்டிட்டோம் சார்."

"என்னத்தைக் கண்டுபிடிச்சே? 417-னு போட்டிருக்கு. என் வண்டி நம்பர் 411 ஆச்சே!"

தனக்கோடி மறுபடியும் டின்மேல் உட்கார்ந்தார். சந்திரம்மா 411-ஐயும் சேர்த்து ஐந்து நம்பர் என்று விரல் மடக்கினாள்.

சரளா எல்லா நம்பரையும் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். 411 என்று ஒரு பிளேட்டே அங்கே கிடையாது. அது நிச்சயம்.

"சார், வண்டிப் புத்தகம் இருந்தா ஒரு தடவை திறந்து பாருங்க சார்" என்றாள்.

சேஷகிரி கோட்டின் உள்பையிலிருந்து நாலாய் மடித்த புத்தகத்தை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடியும் படித்தார்.

"417" என்றார் சின்னக் குரலில்.



"ஏழோட தலை சேத்துல மறைஞ்சிருந்தது போல. ஆறு வருஷமா ஒண்ணுன்னே நினைச்சுண்டிருக்கேன். போன மாசம் ஒரு போலீஸ்காரன் 417-னு சொன்னான். 'உனக்கு நம்பர் படிக்கவே தெரியலையே, எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சே?'ன்னு அவனைக் கேட்டுட்டேன்."

"அவர் என்ன சார் சொன்னாரு?" என்றான் முனிராஜ்.

"என் பள்ளிக்கூடத்துலதான்னு சொன்னான்."

சேஷகிரி வண்டியில் ஏறினார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தனக்கோடி, அடுத்த பூஜைக்கும் இங்கேதான் விடுவேன். பிளேட்டைக் கழுவறதுக்கு இந்தப் பொண்ணு இருக்கணும்" என்றார். வண்டி இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது.

தனக்கோடி சாக்பீஸை எடுத்துச் சரளாவிடம் நீட்டினார். அவள் சுவரில் பெரிதாக எழுதினாள்: இருமல் 417, கோபம் 3350, நடுக்கம் 2086.

"அடுத்த வருஷம் முதல் வேலையா ஸ்க்ரூடிரைவரைச் சாமிகிட்ட வெச்சுடணும்" என்றார் தனக்கோடி. "அப்புறம் யாரும் தொட முடியாது பாரு."

எல்லோரும் சுண்டல் சாப்பிட உள்ளே போனார்கள். முனிராஜ் மட்டும் பின்தங்கி, சாக்பீஸை எடுத்து, சுவரில் கடைசி வரியைச் சேர்த்தான்:

'மதராஸ் 961. பின்பக்கம். கழுவியது முனிராஜ்.'