ஆறு அங்குலக் கட்டை

நேற்று மாலை இரண்டு அங்குல ஆழம் வெட்டிய துளை இன்று மதியம் மூன்றரை அங்குலம் இருந்தது. அண்ணன் அளவுகோலை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி உள்ளே விட்டார். மூன்றரைதான். துளையின் நான்கு பக்கமும் வழவழவென்று இருந்தது. அவ்வளவு சுத்தமாக வெட்ட அவருக்கே வராது என்பதுதான் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

வெளியே விடியலிலிருந்து விடாத மழை. தகரக் கூரையில் அது இரையும் சத்தமும், ஈரத்தில் ஊறிய மரத்தூளின் புளித்த வாடையும், கரண்ட் போனதால் கதவு வழியாக மட்டும் நுழைந்த மங்கிய வெளிச்சமும் பட்டறையை அடைத்துக்கொண்டிருந்தன. இரண்டு முட்டுக்கட்டைகள் மேல் கிடந்தது அந்த வாசல் நிலைக்கால். ஆறு அங்குலக் கனம், போன மாதம் வெட்டிய பச்சை மரம். பச்சை மரத்தில் துளை போட்டு, காய்ந்த மரத்தின் நுனியில் செதுக்கிய கழுந்தை அதற்குள் இறக்கிவிட்டால், துளை காயக் காயச் சுருங்கிக் கழுந்தைக் கவ்விக்கொள்ளும். பசை வேண்டாம், ஆணி வேண்டாம், அப்புறம் எந்தக் கொம்பனாலும் பிடுங்க முடியாது.

தம்பிக்கு அந்த மரம் பிடிக்கவில்லை. பச்சை மரம் தொட்டால் குளிர வேண்டும், இது சுடுகிறது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாம் சாக்கு என்று அண்ணன் நினைத்தார். திங்கட்கிழமை அவன் வேறொரு பட்டறைக்குப் போகிறான். பன்னிரண்டு வருஷம் தோளோடு தோள் நின்று வேலை செய்தவன், எப்போதும் திட்டு, என்னால் முடியவில்லை என்று உப்புச்சப்பில்லாத காரணம் சொல்லிக் கிளம்புகிறான். இந்த நிலையைச் சேர்ந்து முடிக்கும்போதாவது அவன் மனம் மாறாதா என்று அண்ணன் உள்ளுக்குள் கிடந்து தவித்தார். தவிப்பை வெளியே காட்டத் தெரியாத மனிதர், அதுவும் கோபமாகத்தான் வந்தது.

"எவன்டா துளையைத் தொட்டது?"

மூலையில் உளி தீட்டிக்கொண்டிருந்த தம்பி நிமிரவில்லை. "நான் தொடல."

"அப்போ அதுவா வளர்ந்துச்சா?"

"அந்தக் கட்டையத் தூக்கிப் போடு அண்ணா. காலையில இருந்து அதுக்குள்ள யாரோ உளி போடுற சத்தம் கேக்குது."

அண்ணனுக்கும் கேட்டிருந்தது. மழை சற்றே தணியும் இடைவெளிகளில், மரத்தின் வயிற்றுக்குள்ளிருந்து, அவசரமே இல்லாத ஒரு கை நிதானமாகக் குடைவதுபோல. டொக். டொக். கூரை ஒழுகுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

துளை தப்பினால் கட்டையைக் கழித்துப்போடுவதுதான் முறை. அவர் வீம்புக்கு, துளைக்குத் தக்கபடி கழுந்தை நீளமாகச் செதுக்கினார். கொட்டாப்புளியால் தட்டினார். மூன்று தட்டில் இறங்கியது. நான்காவது தட்டுக்குச் சத்தமே வரவில்லை. இழுத்துப் பார்த்தால் கழுந்தின் நுனியைக் காணோம். ஒடிந்த சிம்பு இல்லை. நேராக, மட்டமாக அறுபட்டிருந்தது. இந்த அளவு வேண்டாம் என்று யாரோ கழித்துப்போட்டதுபோல.

பயந்துபோனார். பயம் வந்ததும் வழக்கம்போலக் கத்தினார்.

"வாடா இங்க. ஏதோ பண்ணி வெச்சிருக்க. கையை விட்டு உள்ள என்ன இருக்குன்னு எடு."

"மாட்டேன்."

"தப்பு பண்ணலைன்னா என்ன பயம்?"

"இந்த வலது கைதான் அண்ணா எனக்குப் பொழப்பு."

"பன்னெண்டு வருஷமா அந்தக் கைக்குச் சோறு போட்டது யாரு?"

சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன உடனே தெரிந்தது. தெரிந்தும் நிற்கவில்லை. தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்து துளைக்குள் திணித்தார்.

நுழையாது என்றுதான் நினைத்தார். நுழைந்தது. அளவெடுத்து வெட்டியதுபோல. மணிக்கட்டு வரை. பிறகு முழங்கை வரை. ஆறு அங்குலக் கட்டைக்குள்.

உளிச் சத்தம் நின்றது.

"அண்ணா, விடு."

"நான் எப்பவோ விட்டுட்டேன்டா." இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

தம்பி காலை உதைத்து இழுத்தான். அண்ணன் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தார். அசையவில்லை. மரத்துக்கும் சதைக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது. ரம்பத்தை எடுத்தார். கையில் பட்டுவிடாமல் கட்டையில் இரண்டடி தள்ளி வைத்தார். ஒரே ஒரு இழுப்பு.

தம்பி அலறினான். "அறுக்காத அண்ணா. அது நான்தான்."

ரம்பப் பல்லில் ஒட்டிய தூள் சிவந்திருந்தது. ரம்பம் கையிலிருந்து விழுந்தது. அண்ணனுக்கு இப்போதும் கோபம் வந்தது, தலைகால் புரியாமல் வந்தது. திட்டுவதற்கு அவரைத் தவிர அங்கே யாரும் இல்லை.

மண்டியிட்டார். கட்டையின் அடியில் பார்த்தார்.

நான்கு விரல்களும் மறுபக்கம் வந்திருந்தன. மரத்தோடு மட்டமாக அறுத்து, இழைத்து முடித்திருந்தது. ரத்தம் இல்லை. ஒவ்வொரு விரலின் முகப்பிலும் மெல்லிய மர வளையங்கள். மேலே தம்பி காய்ந்துகொண்டே போகும் குரலில் அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் ஒரு வளையம் கூடியது.