ஏருக்குப் பின்னால் வராத கொக்குகள்

குடமுருட்டி ஆற்றங்கரையில், பறவை பார்க்க வந்த சென்னைக்காரர் அறுவருக்கும் நெய்னா முகம்மது இட்லிப் பொட்டலங்களை வழங்கிக்கொண்டிருந்தபோது, கண்ணுசாமி பாலத்தைக் கடந்து மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அம்மா, நீங்கதான் சாட்சி சொல்லணும்! பத்து மணிக்கு ஆர்.ஐ. வயலுக்கே வர்றாருங்க."

அம்மா என்று அவர் அழைத்தது நெய்னாவின் மனைவி ஹமீதா பானுவை. கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவள். விடுமுறை நாட்களில் பறவைச் சுற்றுலா நடத்துபவள். ஜவுளிக்கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, நெய்னா அவளுக்கு மேலாளராகியிருந்தார்.

குத்தகைதாரர் பெயரைப் பதிவுசெய்யும் சட்டம் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. கண்ணுசாமி பதினோராண்டுகளாக உழுத ஆறு மா நிலத்தைப் பண்ணையே நேரடியாகப் பயிரிடுகிறது என்று காரியஸ்தர் இளையபெருமாள் எழுதிக்கொடுத்துவிட்டார். பண்ணைக்குப் பயந்து ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெயர் ஏறாவிட்டால் நிலம் போய்விடும்.

"ஆவணி மூணாந்தேதி நான் உழுதப்ப, இந்தக் கரையிலேர்ந்து தூரக்கண்ணாடி வச்சுப் பார்த்தீங்களே!"

நெய்னாவுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. 'ஏர் பின்னால் கொக்குக் கூட்டம்' என்று அவர் அறிவிப்பில் அச்சிட்டதை நம்பி வந்தவர்கள் படம் கிடைக்காமல் முகம் சுளித்தார்கள். திருவையாற்று அசோகா அல்வா வாங்கிக்கொடுத்துத்தான் சமாதானப்படுத்தினார்.

"ஏர் ஓடினதைப் பார்த்தேன். ஓட்டினவர் முகம் தெரியலை" என்றாள் ஹமீதா.

"பானு, இவர்தான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"பார்க்காததைச் சொன்னா, அப்புறம் நான் எண்ணின குருவியைக்கூட யாரும் நம்ப மாட்டாங்க. நடங்க."

வயலில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் இராஜாங்கம் குடைக்கடியில் நின்றார். ஹமீதா தன் பறவைக் குறிப்பேட்டை அவரிடம் கொடுத்தாள். "நான் சொல்ற வரைக்கும் திறக்காதீங்க. கண்ணுசாமி கொஞ்சம் களத்துமேட்டுல நிக்கட்டும்." பிறகு காரியஸ்தர் பக்கம் திரும்பினாள். "ஆவணி மூணாந்தேதி இங்க ஏர் ஓடினப்ப, பின்னால கொக்கு எத்தனை வந்துச்சுங்க?"

நெய்னா தலையில் அடித்துக்கொண்டார். ஒருவன் நிலமே போகிறது; இவளுக்குக் கொக்குக் கணக்கு!

இளையபெருமாள் சிரித்தார். "கொக்குக்கா பஞ்சம்? நாப்பது அம்பது இருக்கும். மாட்டுக் காலுக்குள்ளயே வந்து விழுந்துச்சு. வரப்புல நின்னு நாந்தான் துண்டை வீசி விரட்டினேன்."

கண்ணுசாமியை அழைத்து அதே கேள்வியைக் கேட்டாள்.

அவர் குழம்பினார். "அன்னிக்கு ஒண்ணுகூட வரலிங்களே! முதநாள் ராத்திரியே தண்ணி முறை முடிஞ்சு மதகை அடைச்சுட்டாங்க. வாய்க்கால்ல தேங்கின தண்ணியில மீன் துள்ளுச்சு. அத்தனை கொக்கும் அங்கதான். மண்புழுவைச் சீந்த நாதியில்லை. 'நம்ம மேல என்னடா கோவம்'னு மாட்டுக்கிட்டத்தான் பேசிக்கிட்டே உழுதேன்."

"இப்பத் திறங்க" என்றாள் ஹமீதா.

இராஜாங்கம் உரக்கப் படித்தார்: "ஆவணி மூன்று. காலை எட்டு மணி. தென்கரையில் ஓர் ஏர், கொக்கு இல்லை. மதகுக்குக் கீழே, வாய்க்காலில் நூற்றுப் பன்னிரண்டு."

"ஏர் ஓடினா கொக்கு வரும்னு இந்தச் சீமையில எல்லாருக்கும் தெரியும். வீட்ல இருந்தவங்க அதைத்தான் சொல்வாங்க" என்றாள் ஹமீதா. "வராததைச் சொல்ல, வயல்ல இருந்திருக்கணும்."

"கொக்கு சாட்சியெல்லாம் செல்லுமா?" என்றார் இளையபெருமாள்.

"இல்லாத கொக்கை விரட்டினது நீங்கதானே" என்றார் இராஜாங்கம். குத்தகைதாரர் என்ற கட்டத்தில் கண்ணுசாமியின் பெயரை எழுதினார். கண்ணுசாமி கால்விரலால் வரப்பு மண்ணை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் நெய்னா கேட்டார். "பானு, அறிவிப்புல அந்தக் கொக்கு வரியை அடிச்சிடவா?"

"வேணாம். 'பெரும்பாலும்'னு ஒரு வார்த்தை சேர்த்துக்குங்க" என்று சொல்லி, அவர் தோளில் ஒட்டியிருந்த சட்னியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.