நான்கு சிவப்பு எண்கள்

2024 ஜூன் 10, திங்கட்கிழமை. பிள்ளைப்பாக்கத்தில் சாலையை அகலப்படுத்த, சிவப்பு எண் எழுதிய மரங்களை வெட்டத் தொடங்கினார்கள்.

அன்றுதான் பள்ளி திறந்தது. மாலையில் நிலாவும் பக்கத்து வீட்டுச் சுபாஷும் திரும்பி வந்தார்கள். நிலாவின் வீட்டுக்குப் பின்னால் இருந்த நான்கு புங்க மரங்களில் ஒன்று தரையில் கிடந்தது.



"நம்ம மரம்," என்றான் சுபாஷ் மெதுவாக.

அந்த நான்கு மரங்களுக்கு நடுவே மரவீட்டு மேடை கட்டுவதுதான் இருவரின் விடுமுறைத் திட்டமாக இருந்தது. நிலாவின் அப்பா தொழிற்சாலையில் பேக்கிங் வேலை செய்கிறார். பெட்டிகளைக் கட்டும் மஞ்சள் பட்டையை அவரிடம் வாங்கி, மரத்துக்கு மரம் இழுத்து அளந்தார்கள். உள்ளே தண்ணீர் தெரியும் குழாயின் இரு முனைகளையும் இரண்டு மரங்களில் பிடித்து மட்டம் பார்த்தார்கள். மேடை வரும் உயரத்தில் ஒவ்வொரு மரத்திலும் எண் எழுதினார்கள். வீட்டு வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் கைக்குக் கிடைத்தது.

அதுவும் சிவப்பு.

நிலா கீழே கிடந்த மரத்தின் எண்ணைத் தொட்டாள். "நாமதாம்ல காட்டிக் குடுத்துருக்கோம்."

"வாயை மூடு. தெரிஞ்சா வூட்ல தோலை உரிச்சிடுவாங்க."

அடுத்த மரத்தடியில் ரம்பம் உறுமியது. நிலா ஓடிப்போய் மரத்தில் சாய்ந்து நின்றாள்.

ரம்பக்காரர் சுப்பன் பதறிப்போய் இயந்திரத்தை நிறுத்தினார். "இன்னா பாப்பா, கால் போயிருக்கும். தள்ளு. நம்பர் போட்ட மரம் எல்லாம் எடுக்கணும்."

"அந்த நம்பரு நாங்க போட்டது, அண்ணே."

"யார்கிட்ட கதை வுடுற?"

"ரோட்டு மரத்துல நம்பரு எந்தப் பக்கம் இருக்கு?"

"ரோட்டைப் பாத்து."

"இங்க?"

சுப்பன் சுற்றி வந்து பார்த்தார். எண்கள் ஒன்றையொன்று பார்த்தபடி உள்பக்கம் இருந்தன. சாலையைப் பார்த்து ஒன்றுகூட இல்லை.

அதற்குள் சுபாஷ் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அந்தப் பக்கம் புடிண்ணா."

சுப்பன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தார். இரண்டு மரங்களிலும் தண்ணீர் சரியாக எண்ணுக்கு நேரே நின்றது.

"ரோட்டுக்காரங்க மட்டம் பாத்தா நம்பர் போடுவாங்க?" என்றான் சுபாஷ்.

சுப்பன் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். "வூட்டுக்குப் பின்னாடி இன்னாத்துக்கு வெட்டச் சொன்னாங்கன்னு நெனச்சேன். கேக்காம வுட்டுட்டேனே."

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். முதலில் சுப்பனைத் திட்டினார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "வேற கலரே கிடைக்கலையா?" என்றார்.

மீதி மூன்று மரங்களின் எண்களைச் சுண்ணாம்பு பூசி மறைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி அளவெடுத்தார்கள். மேடைக்கு மூன்று மூலைகள் இருந்தன. அடிக்கட்டை, ஏணிக்கு முதல் படி ஆயிற்று.