ஓர் அறையில் இருவர்

பிற்பகல் நான்கு பத்துக்கு எட்வின் சமையலறைக்குள் வந்தார். நான்கு இருபத்தொன்றுக்குச் சமையலறைக் குழாய் டொக் டொக்கென்று தட்டியது. வெந்நீர் வந்துவிட்டது. மாடியறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இளம்பரிதி இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மனைவி தமயந்தியின் சிரிப்பும் கேட்டது.

கோத்தகிரியில் தண்ணீர் உறையத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஊர்ப் பொதுக் கொதிகலனிலிருந்து எல்லா வீடுகளுக்கும் வெந்நீர் ஓடுகிறது. சுவரில் உள்ள ஆளறிவி, மனிதர் இருக்கும் அறையின் வால்வை மட்டும் திறக்கும். இந்த வீட்டில் மார்கழி பிறந்ததிலிருந்து எந்த வால்வும் திறக்கவில்லை, எட்வின் வரும் நேரம் தவிர.

எட்வின் அடுத்த வீட்டுக்காரர், மனைவியை இழந்தவர், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் பழுது பார்க்க ஸ்பேனரோடு வந்தார். அப்புறம் தினமும் அதே ஸ்பேனரோடு வந்தார். தமயந்தி அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டாள். அது இளம்பரிதிக்கு ஆறுதலாக இல்லை. மனிதர் எதையோ திருகி வைத்துவிட்டுப் போகிறார், மறுநாள் திறந்து பேர் வாங்குகிறார் என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

கீழே போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் கோவைக்குக் குடிபோவது பற்றிக் கார்த்திகையில் நடந்த சண்டைக்குப் பிறகு, அவன் வேலையும் சாப்பாடும் தூக்கமும் மாடியில்தான். தமயந்தி மூன்றாம் படியில் தட்டை வைப்பாள். அவள் நகர்ந்த பிறகு அவன் எடுத்துக்கொள்வான்.

மறுநாள் அவள் காய்கறி வாங்கப் போனதும் இறங்கினான். குழாயில் அடைத்த காற்றைத் திறந்துவிட்டான். அழுத்தமானி சரியாக இருந்தது. வால்வுகளில் யாரும் கைவைத்த தடமில்லை. ஆளறிவியைத் துடைத்துவிட்டு எதிரில் நின்றான். அவனைக் கண்டதும் அதில் பச்சை விளக்கு எரிந்தது, வால்வு அசையவில்லை.

படிக்கட்டுக்கு அடியிலிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நாட்பதிவை வரவழைத்தான். எட்வினைப் பிடித்துவிடலாம் என்ற அவசரத்தில் முதலில் படுக்கையறையைத்தான் தேடினான். இருவர் இருந்த நாட்கள்: பூஜ்யம். மூச்சு வந்தது. அடுத்த நொடியே, அந்தப் பூஜ்யத்தில் எட்வின் மட்டும் இல்லை, தானும் இல்லை என்பது உறைத்தது.

பதிவின் தலைப்பில் ஊர்க் கொதிகலனின் மார்கழிச் சிக்கன விதி இருந்தது: ஓர் அறையில் இருவருக்குக் குறைந்தால் வெப்பம் இல்லை. கீழே ஒப்புதலாக அவனுடைய கட்டைவிரல் ரேகை. வேலைக்கு நடுவே வந்த அறிவிப்பை ஒழித்துக்கட்ட, படிக்காமலே வைத்தது.

மூன்றரை மணிக்குச் சமையலறைக்குப் போனான். தமயந்தி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். பதினோரு நிமிடத்தில் குழாய் தட்டியது.

"சரியாயிடுச்சு," என்றான்.

"கெட்டுப்போகவே இல்ல."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா உடனே வந்து உக்காருவீங்க. அடுப்புப் பக்கத்துல பூனை உக்கார்ற மாதிரி. அது எனக்கு வேணாம்."

"அந்தாளு எதுக்குத் தினமும் வந்தாரு?"

"அவங்க வீட்டுல ஒரே ஆளு. எப்படிச் சூடு வரும்? குளிர் தாங்கல, ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போறேம்மான்னு ரெண்டாம் நாளே சொல்லிட்டாரு." ஒரு பட்டாணித் தோலை ஓரமாகப் போட்டாள். "நீங்க எதுக்கு வந்தீங்க?"

அவனிடம் பதில் இருந்தது. ஆனால் அறை இதமாகிக்கொண்டிருந்தது. இந்தச் சூட்டில் எதைச் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள். அவன் எழுந்தான், சமையலறை வால்வைக் கையாலேயே இறுக மூடினான், திரும்பி வந்து உட்கார்ந்தான். தமயந்தி பட்டாணிக் கூடையை மேசையின் நடுவுக்குத் தள்ளினாள்.

நான்கு பத்துக்குள் குழாய் ஆறிவிட்டது. எட்வின் வந்தார். இரண்டு பேரையும் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இரண்டு பேர் இருந்தால் அறை சூடாகியிருக்கும் என்று நினைத்தார். குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டு பேரு இருந்துமா வரல?" என்றவர், இருபத்தைந்து நாட்களில் முதல் முறையாக உண்மையிலேயே பழுது பார்க்க ஸ்பேனரை எடுத்தார்.