மேட்டில் தொங்கிய டோக்கன்

"அய்யோ... ஓடியாங்க! எந்தம்பி டென்சில் மேல மண்ணு சரிஞ்சி மூடிக்கிச்சு!"

லூயிசாவின் அலறலில் கோரமண்டல் சமுதாயக் கூடமே அதிர்ந்தது!

மேடையில் கொர்னேலியஸின் பேச்சு பாதியில் நின்றது. ஓய்வுபெற்ற தங்கச் சுரங்கத் தொழிலாளி. வார்டு சங்கத் தலைவர். காற்றடித்தால், தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைட் மேட்டிலிருந்து மணல் சோற்றுத் தட்டில் விழுகிறது, கரைந்துபோன மேட்டை நகரசபைச் செலவில் மண் கொட்டி மூட வேண்டும் என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

"எங்க வரிப்பணத்த அங்க கொட்டறதுக்கு முன்னால, மண்ணு திருடறவன புடிங்க!" என்று பார்வதம்மா மல்லுக்கு நின்றாள். கை தூக்கி முடிவெடுப்பதுதான் பாக்கி.

லூயிசாவின் பின்னால் எல்லோரும் மேட்டுக்கு ஓடினார்கள்.

அடிவாரத்தில் யாரோ மண்ணெடுத்த குடைவு. கூரை சரிந்திருந்தது. மணலுக்கு வெளியே... இரண்டு கால்கள்!

கையாலேயே தோண்டி இழுத்தார்கள். டென்சில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தான்.

"பாத்தீங்களா?" கொர்னேலியஸ் முந்திக்கொண்டார். "இவன்தான் திருடன்! அதான் தீர்மானம் வேணாம்னு ஊரெல்லாம் சொல்லிக்னு இருந்தான்!"

"எந்தம்பி அப்படி இல்ல அங்கிள்!"

"ச்சீ..." என்றது கூட்டம். லூயிசா கூனிக் குறுகிப் போனாள்.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த எஸ்.ஐ. மமதா குடைவை எட்டிப் பார்த்தார்.

"மம்ட்டி இல்ல. கூடை இல்ல. திருட வந்தவன் நகத்தாலயா தோண்டுனான்?"



மமதா பக்கத்து முட்செடியிலிருந்து எதையோ எடுத்தார். நம்பர் பொறித்த பித்தளை டோக்கன்!

"இது இன்னா?"

"சுரங்கத்து டோக்கன் மேடம்" என்றாள் பார்வதம்மா. "உள்ள எறங்கறவங்க வெளிய மாட்டிட்டுப் போவாங்க. மேல வந்தா எடுத்துக்குவாங்க. தொங்கிச்சுன்னா ஆளு உள்ள இருக்குன்னு அர்த்தம்."

"யாரோட நம்பர்?"

"எங்கூட்டுக்காரரும் இவரும் ஒரே ஷிஃப்டு, அடுத்தடுத்த நம்பர். எனக்குத் தெரியாதா?" பார்வதம்மாவின் விரல் நீண்டது. கொர்னேலியஸை நோக்கி!

அவர் முகம் வெளுத்தது.

"பழக்கம் மேடம்... ரிட்டயர் ஆகியும் டோக்கன் ஜோப்புலயே இருக்கு, குழில எறங்குனா கை தானா மாட்டிடுது. காலைல வூட்டுத் தரைக்கு மண்ணு எடுத்தேன். மீட்டிங் அவசரத்துல டோக்கன மறந்துட்டேன்..."

அப்போது டென்சில் இருமினான். கண் திறந்தான்!

"உள்ள... ஆளு இருந்தாங்களே. வெளிய எடுத்துட்டீங்களா?"

"எந்த ஆளுடா?" லூயிசா கதறினாள்.

"டோக்கன் தொங்கிச்சுக்கா... கூப்ட்டேன். சத்தமே இல்ல. யாரோ மாட்டிக்னாங்கன்னு உள்ள போனேன்."

கொர்னேலியஸ் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னக் காப்பாத்தப் போன புள்ளைய, என் வாயாலயே திருடன்னு சொல்லிட்டேன்... அசிங்கமா இருக்கும்மா லூயிசா!"

ச்சீ என்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வெட்கம் அத்தனை பேரையும் பிடுங்கித் தின்றது.

டென்சிலை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மமதா கொர்னேலியஸை ஏறச் சொல்லி போலீஸ் ஜீப்பைக் காட்டினார்.

"அப்போ... தீர்மானம்?" என்று இழுத்தார் ஒருவர்.

பார்வதம்மா சட்டென்று கை தூக்கினாள்!

"எனக்குச் சம்மதம். நகரசபையே மேட்ட மூடட்டும். ஆனா மொத லோடு மண்ணுக்கு மட்டும் செலவு வேணாம்... தலைவர் வூட்டுத் தரைய பேத்துக்னு வாங்க!"