அராவாத பெயர்கள்

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், ரப்பர் மரங்களுக்குள்ளே தள்ளி இருந்தது ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்ததும் ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பங்களா. மரியநாதனையும் அர்ச்சுனனையும் ஜப்பான்காரனின் லாரி அங்கே இறக்கிவிட்டபோது நல்ல பகல். ஆனாலும் மோட்டார் கொட்டகைக்குள் விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது. மரங்கள் அவ்வளவு நெருங்கி நின்றன. பால் வெட்ட ஆளில்லாமல் கோப்பைகளில் மழைநீர் தேங்கி, கொசு மொய்த்துக்கொண்டிருந்தது.

மரியநாதன் ரயில்வே பட்டறையில் லேத்து பிடிப்பவன். அர்ச்சுனன் அதே பட்டறையில் உலோகம் உருக்கி வார்ப்பவன், தோட்டத்து லயத்தில் பிறந்தவன்.

கித்தானை விலக்கினால் உள்ளே ஒரு கார். சண்டைக்கு முன்னால் துரை ஜொகூர் பாருவில் பந்தயம் ஓட்டிய வண்டி. விரட்டிய விரட்டில் ஒரு பிஸ்டன் நொறுங்கி, அதைத் தாங்கிய தண்டும் வளைந்து கிடந்தது.

கேப்டன் மொரிட்டாவுக்கு அந்த வண்டி வேண்டும். முன்பு ஓடியதைவிட வேகமாக வேண்டும். சியோனான் என்று பெயர் மாற்றிய சிங்கப்பூரிலிருந்து இன்னோர் அதிகாரி தன் காரோடு வருகிறான், அவனை மெர்சிங் சாலையில் முந்த வேண்டும். கேப்டன் அரைகுறை மலாயில், மரியநாதனின் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

"எஞ்சின் ஜாலான், அடிக் பாலிக்."

எஞ்சின் ஓடினால் தம்பி திரும்புவான். தம்பி தோமஸைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. மரியநாதனுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

தண்டுகளை அவன் ரயில் அச்சு இரும்பிலிருந்து கடைந்தான். பழையதைவிட உறுதி, ஆனால் எடை கூடவில்லை. பிஸ்டனுக்கு அலுமினியம் வேண்டுமே? சிப்பாய்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். தட்டு, தூக்குச்சட்டி, குவளை. சயாமுக்குப் போனவர்களின் வீடுகளில் எடுத்தவை. ஒவ்வொன்றின் விளிம்பிலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. காத்தாயி. முனுசாமி. வேலாயி. ஐயாசாமி.

அர்ச்சுனன் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்னப்பா செய்ற?"

"பேர அராவணும்ணே. எங்க லயத்துல பேரோட பாத்திரத்த உருக்க மாட்டாங்க. பேர எடுத்துட்டுத்தான் அடுப்புல போடுவாங்க."

"இந்த மூட்டைய அராவி முடிக்கிறதுக்குள்ள சண்டையே முடிஞ்சிரும் லா. ஜப்பான்காரன் உன் தலைய அராவிருவான்."

"வெளையாடாதீங்கண்ணே."

"பேரு நெருப்புல போனா கரைஞ்சு போகும். வேற என்ன ஆகும்? போடு. எனக்குத் தம்பி வரணும்."

அர்ச்சுனன் போட்டான். உருகிய உலோகத்தின் மேல் ஏடு படர்ந்தது, கஞ்சியின் மேல் படர்வதுபோல. அவன் அதை வழித்து எறியும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான்கு பிஸ்டன்களும் குறையில்லாமல் வந்தன. மரியநாதன் தலைப்பகுதியைத் தடிமனாக விட்டு, மயிரிழை பிசகாமல் கடைந்து மாட்டினான்.

எஞ்சின் முதல் சுழற்றலிலேயே பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. மரியநாதன் சிரித்தான்.

பிறகு வாசனை வந்தது.

பெட்ரோல் வாசனை அல்ல. வடித்த சோற்றின் வாசனை. ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு வீங்கிக் கிடந்த காலம் அது. கொட்டகை வாசலில் நின்ற சிப்பாய்கூட மூக்கை உயர்த்தி, எச்சில் விழுங்கினான். வாசனை புகைக்குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

வேகத்தைக் குறைத்ததும் எஞ்சினுக்குள் ஒரு சத்தம் கேட்டது. தட்டுகிற சத்தம் இல்லை. வெறும் தட்டைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம்.

"அணைச்சிருங்கண்ணே" என்றான் அர்ச்சுனன், மெதுவாக.

அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சுரண்டியது.

மேல்மூடியைக் கழற்றினார்கள். கரி படிந்த முதல் பிஸ்டனின் தலையில் புள்ளி புள்ளியாக எழுத்து. முனுசாமி. இரண்டாவதில் காத்தாயி. மூன்றாவதில் வேலாயி. நான்காவது வெறுமையாக இருந்தது.

"முனுசாமி செத்துட்டாருண்ணே. சயாம்லேருந்து தப்பி வந்தவன் சொன்னான். காத்தாயியும் வேலாயியும் அங்கதான் காலரால போனாங்க."

"ஐயாசாமி?"

"அவரு அங்க உசுரோட இருக்காராம்."

ஐயாசாமியின் தட்டும் அதே உலையில்தான் உருகியது. அவன் பெயர் எந்தப் பிஸ்டனிலும் இல்லை.

மரியநாதன் முதல் பிஸ்டனை லேத்தில் பூட்டி, தலையைச் சீவினான். சுருள் சுருளாக அலுமினியம் விழுந்தது. துடைத்துப் பார்த்தான்.

முனுசாமி.

இன்னும் ஆழமாகச் சீவினான். எழுத்து அதே ஆழத்தில், அதே தெளிவில் இருந்தது. அதற்கு மேல் சீவினால் தலை மெலிந்து ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் எஞ்சின் ஓடாது. எஞ்சின் ஓடாவிட்டால் தோமஸ் வரமாட்டான்.

கருவியைப் பின்னுக்கு இழுத்தான்.

"அப்படியே மாட்டு" என்றான்.

பந்தயத்தில் மொரிட்டாதான் ஜெயித்தான். வழி நெடுக, கம்பத்துக் கிராமங்களில் மலாய்க்காரர்கள் சோற்று வாசனைக்கு வீட்டை விட்டு வெளியே வந்து நின்றார்களாம். திரும்பி வந்த கேப்டன் மரியநாதனின் தோளில் தட்டினான். நாளை மாலை ரயிலில் தம்பி வருகிறான் என்றான்.

மரியநாதன் கேப்டனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

வண்டி சூடு ஆறியதும் வழக்கப்படி மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். அர்ச்சுனன்தான் விளக்கைத் தாழ்த்தினான்.

நான்காவது பிஸ்டன் இப்போது வெறுமையாக இல்லை.

தோமஸ்.

"தம்பி சட்டி இதுல இல்லையேண்ணே" என்றான் அர்ச்சுனன்.

"இல்ல. அவன் கையோட கொண்டு போனான். அவன் பொண்டாட்டி ராசம்மாதான் பழைய சோறு போட்டுக் குடுத்தா. நான் பாத்தேன்."

மறுநாள் மாலை மழை. குளுவாங் ஸ்டேஷனில் மரியநாதன் தனியாக நின்றான். எழுத்து தப்பாக இருக்கலாம். வேறு ஒரு தோமஸாக இருக்கலாம். ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

சரக்குப் பெட்டியிலிருந்து ஒரே ஓர் ஆள் இறங்கினான். எலும்பும் புண்ணுமாக, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு. கையில் துணி சுற்றிய பொட்டலம்.

"மரியநாதன் நீங்கதானே? தோமஸ் அண்ணன் இதக் குடுக்கச் சொன்னாங்க."

"அவன் எங்க?"

"முன்னாடியே எறங்கிட்டாரு. வண்டி வந்திருக்கு, தன் அண்ணன் செஞ்ச வண்டியாம், அதுலயே போய்டுறேன்னாரு."

"எந்த ஸ்டேஷன்ல?"

அந்த ஆள் யோசித்தான். "ஸ்டேஷன் ஒண்ணும் இல்லீங்க. காடுதான். ரயில் நிக்கவும் இல்ல."

மரியநாதன் துணியை அவிழ்த்தான். தோமஸின் தூக்குச்சட்டி. விளிம்பில் பெயர் வெட்டியிருந்த இடத்தை விரலால் தடவினான். புள்ளி ஒன்றுகூட இல்லை. லேத்தில் வைத்துச் சீவியதுபோல வழுவழுவென்று இருந்தது.

மூடியைத் திறந்தான். வெறும் சட்டி. உள்ளேயிருந்து, எரிந்த எஞ்சின் எண்ணெயின் வாசனை வந்தது.

அப்போதுதான் நிறுத்திய வண்டியைப்போல, சட்டி கையைச் சுட்டது.